ஓட்டும் உண்டியலும்



இன்று நாம் பேச வேண்டிய விஷயம் தேர்தலும் பணமும் என்பதாகத் தலைவர் அவர்கள் எடுத்துச் சொன்னார். நம்முடைய மேடையில் சாமி, புராணம், சடங்கு, ஜாதி ஆகியவைகளைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கமே ஒழிய, தேர்தலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நாம் யாருக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. நமக்கு அபேட்சகரும் கிடையாது; நாம் நிற்கப் போவதும் கிடையாது. ஆதலால்தான் எல்லாக் கட்சிக்காரரையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க நமக்குச் சௌகரியம் இருக்கிறது. அன்றியும், தேர்தலில் நடக்கும் பித்தலாட்டமும் கோவிலில் நடக்கும் பித்தலாட்டமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதைச் சற்று நேரத்தில் நீங்களே காண்பீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தேர்தலுக்கு முந்திய நாள் நாம் ஒரு கிராமத்திற்குப் போயிருந்தோம். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள், வயல் கூலி வேலை செய்கிறவர், நம்மைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, ஒரு சங்கதி கேட்கணும்" என்றார். "முந்தாநாள் ராத்திரி வந்து ஓட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தாங்க. கற்பூரத்தைக் கொளுத்தி, 'உங்களுக்குத்தான் போடுவேன்'னு சொல்லி அணைக்கச் சொன்னாங்க. நானும் அணைச்சிட்டேன். ஆனா அவங்களுக்குப் போட எனக்கு மனசில்லை. மாத்திப் போட்டா என் பேரப்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கை நடுங்கிற்று.

தோழர்களே! "ஜனங்கள் ஓட்டை விற்கிறார்கள், இந்த நாட்டுக்கு ஜனநாயகம் எதற்கு" என்று பட்டணத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேலி பேசுவது சுலபம். அந்த அம்மாளைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவருக்கு வறுமையைக் கொடுத்தவன் ஒருவன்; பயத்தைக் கொடுத்தவன் ஒருவன்; இந்த இரண்டையும் முதலாக வைத்து வியாபாரம் செய்தவன் மூன்றாமவன். இந்த மூன்றாமவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இரகசியம் யாருக்கு?

ஓட்டை இரகசியமாய்ப் போட வேண்டும் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்து தேசத்தில் 1872 வரையில் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுக் கொடுக்க வேண்டும். பண்ணையார் எதிரில் நிற்பார். அவர் பேரைச் சொல்லாத குடியானவனுக்கு மறு நாள் நிலமும் வீடும் நிச்சயமில்லை. ஏழையை இந்தப் பயத்திலிருந்து காப்பாற்றத்தான் மறைவுத் தட்டியும் பெட்டியும் வந்தன. நம் நாட்டுச் சட்டத்திலும், "நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய்" என்று ஒருவனைச் சொல்லும்படி கோர்ட்டு கூடக் கட்டாயப்படுத்த முடியாது என்று எழுதியிருக்கிறது.

சட்டம் கட்டிய அந்த மறைவுத் தட்டியைப் பணக்காரன் எதைக் கொண்டு உடைத்தான்? நாலணாக் கற்பூரத்தைக் கொண்டு உடைத்தான். மறைவில் அவள் யாருக்குப் போடுகிறாள் என்று பார்க்க அவனால் முடியாது. ஆகவே, "சாமி பார்க்கும்" என்று சொல்லி வைத்தான். கையாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சாமிக்குச் சம்பளமும் வேண்டியதில்லை. சாமியைத் தேர்தல் ஏஜண்டாக வைத்துக்கொள்ளும் சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

அந்தச் சாமி உண்மையில் பொய்ச் சத்தியத்தைத் தண்டிப்பதாக இருந்தால் முதலில் யாரைத் தண்டிக்க வேண்டும்? அபேட்சகர் மனுத் தாக்கல் செய்கிறபோது அரசியல் சட்டத்திற்கு உண்மையாய் இருப்பதாகப் பிரமாணம் எடுக்கிறார். பலர் ஆண்டவன் பேரிலேயே எடுக்கிறார்கள். தேர்தல் முடிந்து 30 நாளைக்குள், "இவ்வளவுதான் செலவு செய்தேன்" என்று சத்தியக் கடுதாசியோடு கணக்குக் கொடுக்கிறார். அதில் கற்பூரச் செலவு இருக்கிறதா? ஆளுக்கு ஆயிரம் இருக்கிறதா? இத்தனை பொய்ச் சத்தியம் செய்தவர் குடும்பம் சௌக்கியமாய்க் காரில் போகிறது. ஒரு நாள் கூலிக்காரியின் பேரப்பிள்ளையை மட்டும் சாமி வந்து பிடிக்குமா என்று கேட்கின்றோம். இதைத்தான் அந்த அம்மாளிடமும் சொன்னோம். பயத்தின் பேரில் வாங்கிய சத்தியம் சத்தியமே அல்ல; அது கொள்ளை என்றும் சொன்னோம்.

நிற்க, இந்த ஓட்டு நமக்கு எப்படி வந்தது என்பதையும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 1920-ல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, இராஜதானி ஜனத்தொகையில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கே ஓட்டு. சொத்துள்ளவன், வரி கட்டுகிறவன், இப்படிப்பட்டவர்களே ஓட்டர்கள். பறையன், பள்ளன், சக்கிலி என்று தள்ளி வைக்கப்பட்ட மக்களுக்கும், கைம்பெண்ணுக்கும், கூலிக்காரனுக்கும் கை தூக்க இடமில்லை. வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்பது 1951-52 பொதுத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. கோவிலில் கர்ப்பக்கிருகத்திற்குள் விடாதவர்களும் ஓட்டுச் சாவடிக்குள் நுழைந்து, மிட்டாதாருக்கு உள்ள அதே ஒரு ஓட்டைப் போட்டார்கள். மனுதர்மம் பிறந்த நாட்டில் இதைவிடப் பெரிய புரட்சி எழுத்தில் நடந்ததில்லை. சட்டத்தால் ஓட்டை இழந்த பணக்காரன், பணத்தால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முயற்சிக்கிறான். விஷயம் இவ்வளவுதான்.

ஒரு சிலேட்டுக் கணக்கு

பெரிய கணக்கு வேண்டாம். சிலேட்டில் போடக்கூடிய கணக்கே போதும். நம் மாகாணத்தில் சட்டசபை அபேட்சகர் ஒருவர் 40 இலட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று 2022-ல் நிர்ணயித்தார்கள். ஒரு தொகுதியில் இரண்டரை இலட்சம் ஓட்டர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் ஓட்டர் ஒருவருக்கு 16 ரூபாய். ஒருவர் 500 ரூபாய் வீதம் கொடுக்க ஆரம்பித்தால் எட்டாயிரம் பேரோடு அவருடைய 40 இலட்சமும் தீர்ந்து போகும். அப்புறம் ஒரு சுவரொட்டி கூட ஒட்ட முடியாது. ஆனால் நடப்பது என்ன? தெருத்தெருவாய்ப் பட்டியல் வைத்துக்கொண்டு கொடுக்கிறார்கள்.

ஆயிரம் ரூபாய் வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஒருவர் கொடுத்தால் 10 கோடி. சட்டசபை மெம்பருக்கு 2018-ல் உயர்த்தப்பட்டபடி மாதம் ஒரு இலட்சத்து ஐயாயிரம் சம்பளம். ஐந்து வருஷத்திற்கு 63 இலட்சம். போட்டது 10 கோடி, சம்பளம் 63 இலட்சம். பாக்கி 9 கோடியே 37 இலட்சத்தை எந்தத் தர்மாத்மா கொண்டுவந்து கொடுக்கப் போகிறான்? ரோட்டுக் காண்டிராக்டில் வரும். ஆற்று மணலில் வரும். உங்கள் பிள்ளையின் உத்தியோகத்திற்கு நீங்கள் கொடுக்கும் இலஞ்சத்தில் வரும். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தில் வரும். அந்த ஆயிரத்தை ஐந்து வருஷத்து நாட்களால் வகுத்தால் நாளைக்குச் சுமார் 55 காசு. ஒரு டீக்குக் காணாது. ஒரு டீக்குக் காணாத காசை வாங்கிக்கொண்டு ஐந்து வருஷம் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லுகிறார்கள்.

இதெல்லாம் நாம் கட்டிச் சொல்லும் கதை அல்ல. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத் தேர்தலுக்குப் பிறகு, அந்த ஊர்ப் பேரே பணம் கொடுக்கும் முறைக்குப் பேராகி நாடெல்லாம் அடிபட்டது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளின் தேர்தலையும் பணப் பட்டுவாடாவிற்காகத் தேர்தல் கமிஷன் ரத்துச் செய்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத் தேர்தல் ஓட்டுப் பதிவுக்கு மூன்று நாளைக்கு முன் ரத்தாயிற்று. 2019-ல் வேலூர் பார்லிமெண்டுத் தேர்தல் அதே காரணத்திற்காக நிறுத்தப்பட்டு ஆகஸ்டில் நடந்தது. பார்லிமெண்டுத் தொகுதி ஒன்றின் தேர்தல் பணத்திற்காக நிறுத்தப்பட்டது இந்தியாவிலேயே அதுதான் முதல். பகுத்தறிவு பேசும் நாடு என்று மார் தட்டும் நமக்கு இந்தப் பெருமை வேண்டுமா?

பெரிய உண்டியல்

தோழர்களே! கிராமத்தில் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் வாய்க்கால் தண்ணீர். அது எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

2017-ல் மத்திய சர்க்கார், "அரசியல் நன்கொடையில் வெளிப்படை கொண்டு வருகிறோம்" என்று சொல்லித் தேர்தல் பத்திரம் என்ற ஒன்றைக் கொண்டு வந்தது. 2018-ல் அது விற்பனைக்கு வந்தது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரையில் ஐந்து விதப் பத்திரங்கள். ஸ்டேட் பாங்கில் வாங்க வேண்டும். வாங்கினவன் பேர் பத்திரத்தில் இராது. 15 நாளைக்குள் கட்சி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். யார் கொடுத்தார்கள் என்று கட்சி வெளியில் சொல்ல வேண்டியதில்லை. வெளிப்படை என்று பேர் வைத்து மூடி போட்ட உண்டியல்! கம்பெனிகள் தங்கள் இலாபத்தில் நூற்றுக்கு ஏழரைக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். இலாபமே இல்லாத கம்பெனியும் கோடி கோடியாய்க் கொடுக்கலாம் என்றாயிற்று. நஷ்டத்தில் இருக்கிறவன் எதற்குக் கோடி கொடுக்கிறான்? பக்தியாலா? ரிசர்வ் பாங்கும் தேர்தல் கமிஷனுமே இது ஆகாது என்று எழுதின. கேட்பார் இல்லை.

நம் கோவில் உண்டியலில் குசேலன் போட்ட ஒரு ரூபாயும் கொள்ளைக்காரன் போட்ட கிரீடமும் ஒன்றாகத்தான் கிடக்கும். ஆனால் கிரீடம் போட்டவன் யார் என்று அர்ச்சகருக்கு நன்றாய்த் தெரியும். அடுத்த முறை அவன் வந்தால் பூரண கும்பம் வரும். இந்தத் தேர்தல் உண்டியலிலும் அப்படியே. ஏழைகளும் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கலாம் என்று சொல்லப்பட்டதே தவிர, விற்ற தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களே. பேர் தெரியாது என்றார்கள். பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று அச்சிடப்பட்டிருப்பதை 2018-லேயே ஒரு பத்திரிகைக்காரர் விசேஷ வெளிச்சத்தில் வைத்துக் கண்டுபிடித்தார். ஆக, ஜனங்களுக்குத்தான் தெரியாதே தவிர, தெரிந்துகொள்ள அதிகாரமுள்ளவனுக்குத் தெரிய வழி இருந்தது.

2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒரு முகமாக இந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். யாரிடம் பணம் வாங்குகிறது கட்சி என்று அறிய ஓட்டருக்கு உரிமை உண்டு என்றார்கள். கணக்கைக் கொடு என்றால், ஸ்டேட் பாங்கு ஜூன் 30 வரை தவணை கேட்டது. அதற்குள் பார்லிமெண்டுத் தேர்தல் முடிந்து போகும்! கோர்ட்டு மறுத்த பிறகு மறு நாளே கணக்கு வந்து சேர்ந்தது. ஜூன் வரையில் ஆகும் என்ற பாங்கு ஒரே நாளில் கணக்கைக் கொடுத்துவிட்டது. மனமிருந்தால் பாங்குக்கும் மார்க்கமுண்டு போலும்!

கணக்கு என்ன சொல்லிற்று? ஆக மொத்தம் 16,500 கோடிக்கு மேல் பத்திரம் விற்றிருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வெளிவந்த கணக்கில் மத்தியில் ஆளும் பாரதீய ஜனதாக் கட்சி மாத்திரம் 6,000 கோடிக்கு மேல் மாற்றியிருக்கிறது. ஒரு மருந்துக் கம்பெனியின் டைரக்டர் 2022 நவம்பர் 10-ந் தேதி கைதாகிறார். 15-ந் தேதி அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்குகிறது. அதை மாற்றியது மத்தியில் ஆளும் அக்கட்சி. பிற்பாடு அந்த டைரக்டர் அப்ரூவராகிறார். எதற்காகக் கொடுத்தார்கள் என்று சாட்சி சொல்ல நாம் அங்கே நிற்கவில்லை. தனி விசாரணை வேண்டும் என்று கேட்டவர்களுக்கு 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் இடங் கொடுக்கவில்லை. ஆனால் தேதிகளை வரிசையாய் வைத்துப் பார்க்க ஒவ்வொருவருக்கும் அறிவு இருக்கிறது.

நம் வீட்டுச் சங்கதி

இதைக் கேட்டு இந்தக் கூட்டத்தில் பலர் கை தட்டினீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இப்போது சொல்லப் போவதற்கும் கை தட்டுகிறீர்களா என்று பார்க்கலாம்.

பத்திரம் வாங்கினவர்களில் முதல் இடம் கோயமுத்தூர் லாட்டரிக் கம்பெனிக்கு; 1,368 கோடி. அதில் 509 கோடி யாருக்குப் போயிற்று? பெரியார் பேரையும் அண்ணா பேரையும் சொல்லி வளர்ந்த திராவிட முன்னேற்றக் கழகத்திற்குப் போயிற்று. இது எதிரி சொன்ன கணக்கல்ல. கழகமே தேர்தல் கமிஷனுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு. மறைக்காமல் எழுதிக் கொடுத்த அளவுக்கு, பேர் தெரியாது என்று கையை விரித்த மற்றக் கட்சிகளைவிட அது மேல் என்பதையும் சொல்லுகிறோம். ஆனால் இந்த மாகாணத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. ஏன்? கூலிக்காரன் குடியைக் கெடுக்கிறது என்று தடை. இங்கே விற்கக் கூடாத சீட்டை வேறு மாகாணத்தில் அதே மாதிரிக் கூலிக்காரனிடம் விற்றுச் சேர்த்த பணம், இங்கே கட்சி உண்டியலுக்குள் வரலாமா? அதிர்ஷ்டம் என்பது மூடநம்பிக்கை என்று மேடையில் பேசிவிட்டு, அதிர்ஷ்டச் சீட்டுப் பணத்தில் மேடை போடலாமா?

"ஐயா, நம்மவர்களைச் சொன்னால் எதிரிக்கு அனுகூலமாகாதா?" என்று சில தோழர்கள் நம்மைக் கேட்டதுண்டு. கோவிலைப் பற்றிப் பேசும்போது மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள்; "நம் மதத்தை நாமே குறை சொல்லலாமா" என்றார்கள். அன்று அதை அயோக்கியத்தனமான வாதம் என்று சொன்ன நாம், இன்று அதையே திருப்பிச் சொன்னால் நமக்கும் புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்? எந்தப் பத்திரமும் வாங்குவதில்லை என்று கம்யூனிஸ்டுக் கட்சிகள் இருந்துதானே காட்டின! ஆதலால் முடியாத காரியமல்ல.

"வெளியில் பேர் தெரிந்தால் கொடுத்தவனை எதிர்க்கட்சி பழி வாங்கும்" என்பது மறைப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம். இதையும் ஆராயுங்கள். பாங்கு சர்க்கார் பாங்கு. போலீசும் வரித் துறையும் சர்க்காருடையது. எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவன் பேர் ஆளுங்கட்சிக்குத் தெரிய வழி உண்டு. ஆளுங்கட்சிக்குக் கொடுத்தவன் பேர்தான் எவருக்கும் தெரியாது. இந்த மறைவு யாரைக் காப்பாற்றிற்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஆகவே தோழர்களே, முறை எது என்றால், ஏழையின் ஓட்டு இரகசியமாயும், பணக்காரனின் பணம் பகிரங்கமாயும் இருக்க வேண்டும். இந்த நாட்டில் ஏழையின் ஓட்டைக் கற்பூரத்தைக் கொளுத்திப் பகிரங்கமாக்கினார்கள். பணக்காரனின் பணத்தைப் பத்திரத்தில் சுருட்டி இரகசியமாக்கினார்கள். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை நேராக்குவதுதான் நம் வேலை.

என்ன செய்வது?

"பத்திரம்தான் ஒழிந்ததே, இனி என்ன" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கணக்கில் வராத ரொக்கம் அப்படியே இருக்கிறது. அபேட்சகருக்கு 40 இலட்சம் என்று வரம்பு உண்டே தவிர, கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று மத்திய தகவல் கமிஷன் 2013-ல் ஆறு கட்சிகளுக்கு உத்தரவு போட்டது. எதற்கும் ஒத்துப் போகாத அந்தக் கட்சிகள், உத்தரவை மதிப்பதில்லை என்பதில் மட்டும் ஒற்றுமையாய் இருந்தன.

நாம் செய்யக் கூடியது சில உண்டு. ஒன்று, கற்பூரச் சத்தியத்திற்கு மதிப்பில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும், முக்கியமாய்ப் பெண்களிடம், தேர்தலுக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். பணம் வாங்காதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம். கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி ஓராண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். ஆனால் ஏற்கனவே வாங்கிவிட்ட ஏழையின் மனச்சாட்சியையும் கூடச் சேர்த்து அவன் வாங்கிவிடவில்லை என்று தெரியப்படுத்துங்கள்.

இரண்டு, அபேட்சகர் ஒவ்வொருவரும் தம் சொத்து, கடன், படிப்பு, தம் பேரில் உள்ள கிரிமினல் வழக்கு ஆகியவைகளைப் பிரமாணப் பத்திரமாய்க் கொடுக்க வேண்டும். இது 2002, 2003 வருஷங்களில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகளால் வந்த உரிமை. புராணத்தை வாரக் கணக்கில் உட்கார்ந்து கேட்கிற ஊரில், இந்தப் பத்திரத்தை டீக் கடையில் ஒரு நாள் சத்தமாய்ப் படித்தால் என்ன குறைந்து போகும்? சென்ற தடவை கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐந்து வருஷத்தில் சொத்து எப்படி வளர்ந்தது என்பதைவிட நல்ல புராணம் கிடையாது.

மூன்று, ஓட்டுப் பதிவு முடிந்ததும் சாவடியில் எத்தனை ஓட்டுப் பதிவாயிற்று என்று 17-சி என்னும் பாரத்தில் எழுதி, ஏஜண்டுகளுக்கு நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் வாலிபர்கள் எந்தக் கட்சிக்கு ஏஜண்டாய் உட்கார்ந்தாலும் அந்த நகலை வாங்காமல் எழுந்து வரக்கூடாது. எண்ணுகிற அன்று அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நம்பிக்கை என்பது சாமிக்கு. கணக்குக்கு வேண்டியது சரிபார்ப்பு.

நாலாவது, நம்மிடமிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கூட்டத்திற்குப் பந்தல், விளக்கு, ஒலிபெருக்கிச் செலவுக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தலைவர் அவர்கள் இப்போதே இந்த மேடையில் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நூறு ரூபாய் கொடுத்தவர் பேரும் இருக்கட்டும், ஐந்து ரூபாய் கொடுத்தவர் பேரும் இருக்கட்டும். நாம் மறைத்துக்கொண்டு மற்றவனைக் கேட்க நமக்கு யோக்கியதை கிடையாது.

அந்த அம்மாள் மறு நாள் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. சாவடியிலிருந்து வெளியே வந்தவர், "போட்டுட்டேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். அப்போது கை நடுங்கவில்லை. பேரப்பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

நாம் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.